ஷார்ட்கட் கீ சண்டை: கடைக்கு வர்றவங்க அடிக்கடி கேக்குற கேள்விங்க

நம்ம கடை சுங்கை சிப்புட்ல, துன் சம்பந்தன் பொறந்த ஊரு, ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவுல போற பழைய ரோட்டுல இருந்து நடந்தா ரெண்டு நிமிசம். லேப்டாப் ரிப்பேர், போட்டோஸ்டாட், கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் ஒரே மேசையிலதான். வர்றவங்கள்ல பாதி பேரு தமிழ்ப்பள்ளி டீச்சருங்க, கோயில் கமிட்டி ஆளுங்க, தோட்டத்து ஆபிஸ்ல கணக்கு எழுதுற கிராணிங்க, மிச்சம் கேம் ஆடுற பசங்க. வாரத்துக்கு ரெண்டு மூணு பேராவது "அண்ணே கீபோர்டு போச்சு, புதுசு ஒன்னு குடுங்க"ன்னு வருவாங்க, தொறந்து பாத்தா கீபோர்டுக்கு ஒன்னுமே ஆகியிருக்காது, ஒரு வேலையைச் சட்டுனு செய்ய அமுக்குற ஷார்ட்கட் கீ ஒன்னையே ரெண்டு சாப்ட்வேரு பிடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கும். ஒவ்வொருத்தருக்கும் வாட்சாப்ல வாய்ஸ் அனுப்பி அலுத்துப் போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். விண்டோஸ் 10, 11 வச்சுத்தான் எழுதியிருக்கேன், மேக்கும் குரோம்புக்கும் கடைசியில கொஞ்சம்.

ஷார்ட்கட் சண்டைன்னா என்னண்ணே? நேத்து வேலை செஞ்ச கீ இன்னிக்கு ஏன் செய்யல?

தோட்டத்துல வளந்தவங்களுக்கு பெரட்டு தெரியும், காலையில ஆளுங்களை நிக்க வச்சு வேலை பிரிச்சுக் குடுக்கிறது. காலையில இருட்டோட போய் நிப்பாங்க, இந்த நெரை (மர வரிசை) இன்னாருக்குன்னு கிராணி ஒரு தடவை புக்குல எழுதிட்டாருன்னா அப்பறம் வர்றவருக்கு அந்த நெரை கிடையாது, வேற இடம் பாத்துக்க வேண்டியதுதான். விண்டோஸும் இங்க அந்தக் கிராணி மாதிரிதான். ஒரு சாப்ட்வேரு ஸ்டார்ட் ஆகும்போது "கண்ட்ரோல் ஆல்ட் எஸ் எனக்கு"ன்னு விண்டோஸ்கிட்ட பதிஞ்சு வச்சுக்கும். அப்பறம் இன்னொரு சாப்ட்வேரு வந்து அதே கீயைக் கேட்டா விண்டோஸ் குடுக்காது, ஏற்கெனவே பதிஞ்சாச்சுன்னு 1409ங்கிற எரர் நம்பரைத் திருப்பி அனுப்பும். இதுல கொடுமை என்னன்னா, நெறைய சாப்ட்வேரு அந்த எரரை நம்மகிட்ட சொல்லாது, வாயை மூடிக்கிட்டு இருந்துடும், நாமதான் கீயை அமுக்கி அமுக்கி கீபோர்டைத் திட்டிக்கிட்டு இருப்போம்.

நேத்து செஞ்சது இன்னிக்கு செய்யாததுக்கும் இதான் காரணம். கம்ப்யூட்டர் ஆன் ஆகுறப்ப எது முந்தி ஓடுதோ அதுக்குத்தான் கீ. ஒரு அப்டேட் வந்து வரிசை மாறிப் போச்சுன்னா, இல்ல புதுசா ஒன்னு இன்ஸ்டால் பண்ணி அது முந்திக்கிச்சுன்னா, கீ கை மாறிடும்.

இன்னொரு வகை இருக்கு. அது பேரெல்லாம் பதியாது, வாசல்லயே உக்காந்துக்கிட்டு நீங்க அமுக்குற ஒவ்வொரு கீயையும் முதல்ல தான் பாத்துட்டு அப்பறமா உள்ள விடும். தனியா இன்ஸ்டால் பண்ற தமிழ் டைப்பிங் சாப்ட்வேரு நெறைய இந்த வகைதான், ஏன்னா நீங்க அடிக்கிற "க" கீயைப் பிடிச்சு எழுத்தா மாத்தித் தரணும்ல. கீக்கு நாமளே வேலை எழுதி வச்சுக்கிற ஆட்டோஹாட்கீ மாதிரி உள்ளதும் இந்த வேலையைச் செய்யும். மூணாவது, வேர்ட், எக்செல் மாதிரி ஒவ்வொன்னுக்கும் உள்ளுக்குள்ளயே சொந்தமா இருக்கிற ஷார்ட்கட். வாசல்ல உக்காந்திருக்கிறவர் விட்டாத்தான் மத்தவங்களுக்கு, அதுக்கப்பறம் பதிஞ்சு வச்சவரு, கடைசியிலதான் முன்னாடி தொறந்திருக்கிற வேர்டுக்கு வரும். இந்த வரிசையை மனசுல வச்சுக்கிட்டா கீழ உள்ளதுல பாதி உங்களுக்கே வெளங்கிடும்.

கீபோர்டு நெசமாவே கெட்டுப் போச்சா இல்லையான்னு எப்பிடி தெரிஞ்சுக்கிறது?

கண்ட்ரோல் ஆல்ட் டெலிட் அமுக்குங்க. இந்த ஒன்னை மட்டும் எந்த சாதா சாப்ட்வேரும் குறுக்க வந்து பிடிக்க முடியாது, விண்டோஸ் தனக்குன்னே வச்சிருக்கு. அது வேலை செஞ்சா அந்த மூணு கீயும் நல்லாத்தான் இருக்குன்னு அர்த்தம், கண்ட்ரோலும் ஆல்ட்டும் செத்துப் போச்சுங்கிற சந்தேகம் அதோட போச்சு. (எந்தப் பக்கத்துக் கண்ட்ரோல்னு பாத்துக்குங்க, இடது நல்லா இருந்து வலது செத்திருக்கலாம்.)

அடுத்து விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஓ மூணையும் சேத்து அமுக்கினா ஸ்கிரீன்ல ஒரு கீபோர்டு வரும். இப்ப கையில உள்ள கீபோர்டுல ஒவ்வொன்னா அமுக்கினா ஸ்கிரீன்ல உள்ளது மின்னும். நீங்க தொடாமலே ஷிப்டோ கண்ட்ரோலோ மின்னிக்கிட்டே இருந்தா அது சாப்ட்வேர் சண்டை இல்ல, கீ அமுங்கியே மாட்டிக்கிச்சு. நம்ம ஊருல இதுக்கு முக்கியமான காரணம் எறும்பு. சிரிக்காதீங்க. மைலோ ஒரு சொட்டு சிந்தினாப் போதும், ராத்திரியோட ராத்திரியா சித்தெறும்பு உள்ள குடித்தனம் வச்சிடும், நான் ஸ்பேஸ் பாருக்கு அடியில முட்டையோட பாத்திருக்கேன்.

விலை கம்மியான கீபோர்டுல இன்னொரு விசயமும் உண்டு. கீயெல்லாம் உள்ள குறுக்கும் நெடுக்குமா ஒயர் கட்டம் போட்டு வச்சிருப்பாங்க, அதுல சில மூணு கீ காம்பினேசனை ஒரே நேரத்துல அமுக்கினா மூணாவது தெரியவே தெரியாது. ரெண்டு ரெண்டா அமுக்கினா நல்லா இருக்கும், மூணா அமுக்கினா மட்டும் போகாது. இது சண்டையும் இல்ல ரிப்பேரும் இல்ல, அந்த கீபோர்டோட தலையெழுத்து.

கடை தொறந்த புதுசுல இதெல்லாம் பாக்காம ஒரு டீச்சரம்மாகிட்ட 35 வெள்ளிக்கு புது கீபோர்டு வித்துட்டேன், வீட்டுக்குப் போய் மாட்டினாங்க, அதே கோளாறு. மறுநாள் வந்து ஒன்னும் சொல்லாம டப்பாவை மேசை மேல வச்சாங்க பாருங்க, அன்னையில இருந்து கண்ட்ரோல் ஆல்ட் டெலிட் பாக்காம நான் கீபோர்டு விக்கிறதில்ல.

டைப் அடிச்சுக்கிட்டே இருக்கும்போது தானா தமிழுக்கு மாறிக்குது, இல்ல தமிழ்ல இருந்து இங்கிலீஷுக்குப் போயிடுது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு.

இது எங்க கடையோட நம்பர் ஒன் கேள்வி. விண்டோஸ்ல மொழி மாத்துறதுக்கு ரெண்டு வழி இருக்கு, விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் ஒன்னு, இடது ஆல்ட்டும் ஷிப்டும் இன்னொன்னு. முதலாவது தெரியாம கை படுறது கம்மி. ரெண்டாவதுதான் வில்லன். நோட்டீஸ் டிசைன் பண்றவங்க படத்தைப் பெருசாக்க ஆல்ட்டும் ஷிப்டும் பிடிச்சுக்கிட்டு மவுஸால இழுப்பாங்க, விண்டோஸுக்கு மவுஸைப் பத்திக் கவலை இல்ல, நடுவுல வேற கீ ஒன்னும் அமுங்கல, ஆல்ட் ஷிப்ட் மட்டும் அமுங்கி எழுந்துச்சு, அப்ப மொழி மாத்தச் சொல்றாங்கன்னு எடுத்துக்கும். அடுத்து டைப் பண்ணா வேற எழுத்து.

இதை நிறுத்த: விண்டோஸ் 11ல செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்ட் கீபோர்டு செட்டிங்ஸ், அதுக்குள்ள இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ். விண்டோஸ் 10ல டிவைசஸ்ல டைப்பிங்னு இருக்கும், மத்தது அதே. சின்ன பழைய காலத்துப் பொட்டி ஒன்னு தொறக்கும், அதுல சேஞ்ச் கீ சீக்குவன்ஸ் அமுக்கி ரெண்டு பக்கமும் நாட் அசைன்ட் வச்சிடுங்க. விண்டோஸ் ஸ்பேஸ் அதுக்கப்பறமும் வேலை செய்யும், அதனால பயப்படாதீங்க.

ஏன் ரெண்டு பக்கமும்னா, இன்னொரு பக்கத்துல கண்ட்ரோல் ஷிப்ட் இருக்கும். அது மொழியை மாத்தாது, ஒரே மொழிக்குள்ள லேஅவுட்டை, அதாவது எந்தக் கீக்கு எந்த எழுத்துங்கிறதை, மாத்தும். தமிழுக்குக் கீழ தமிழ் 99, அஞ்சல்னு ரெண்டு லேஅவுட்டையும் சேத்து வச்சிருக்கிறவங்க கண்ட்ரோல் ஷிப்ட் தெரியாம அமுக்கிட்டு "தமிழ்லதான் இருக்கு ஆனா எழுத்து எல்லாம் தப்புத் தப்பா வருது"ன்னு வருவாங்க. பாக்கியராஜ் படம் மாதிரி கொழப்பமா இருக்கும், காரணம் இவ்வளவுதான்.

ஜன்னல் மாத்தும்போதெல்லாம் மொழி மாறுதுன்னா அது வேற. அதே அட்வான்ஸ்ட் பக்கத்துல ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனி இன்புட்னு ஒரு டிக் இருக்கும். அது போட்டிருந்தா வேர்ட்ல தமிழ், குரோம்ல இங்கிலீஷ்னு விண்டோஸ் ஞாபகம் வச்சுக்கும். எனக்கு இது பிடிக்கும். சிலருக்குப் பைத்தியம் பிடிக்கும். உங்க இஷ்டம்.

பாஸ்வேர்டு சரியாத்தான் போடுறேன், உள்ள விட மாட்டேங்குது.

லாகின் ஸ்கிரீன்ல வலது கீழ் மூலையில மொழி என்னன்னு காட்டும். தமிழ்னு இருந்தா நீங்க அடிக்கிற பாஸ்வேர்டு தமிழ் எழுத்தாப் போய்க்கிட்டு இருக்கு, புள்ளி புள்ளியாக் காட்டுறதால உங்களுக்குத் தெரியல. அங்கயே விண்டோஸ் ஸ்பேஸ் அமுக்கி மாத்திக்கலாம். கேப்ஸ் லாக்கையும் பாத்துக்குங்க. பாஸ்வேர்டை ரீசெட் பண்றேன்னு கிளம்பிடாதீங்க.

ஆல்ட் 2 அமுக்கினா தமிழ் வரணும், ஆனா வேர்ட்ல நான் அடிச்சது காணாமப் போகுது. ஏன்?

இது பழைய ஆளுங்க பிரச்சினை, அதாவது நம்ம பிரச்சினை. என்எச்எம் ரைட்டர்ங்கிற தமிழ் டைப்பிங் சாப்ட்வேரு பழகினவங்களுக்கு ஆல்ட்டும் ஒரு நம்பரும்தான் கை பழக்கம், நம்பருக்கு ஒரு லேஅவுட், ஆல்ட் 0 அடிச்சா சும்மா இங்கிலீஷ். சாப்ட்வேரு ஓடிக்கிட்டு இருக்கிற வரைக்கும் அது வாசல்ல உக்காந்து அந்தக் கீயைப் பிடிச்சுக்கும், வேர்டுக்குப் போகவே விடாது. ஆனா அது ஓடலன்னு வைங்க, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகியிருக்கும், அப்டேட் வந்திருக்கும், நீங்க கவனிக்கல. இப்ப ஆல்ட் 2 நேரா வேர்டுக்குப் போகும். வேர்ட்ல மேல சேவ், அன்டூ எல்லாம் வரிசையா இருக்கிற சின்ன பட்டி இருக்குல்ல, ஆல்ட்டோட நம்பர் அமுக்கினா அந்த வரிசையில அத்தனையாவது பட்டன் வேலை செய்யும். அந்த இடத்துல அன்டூ இருந்தா, நீங்க தமிழ் வரலன்னு நாலு தடவை அமுக்க அமுக்க, அடிச்சது ஒவ்வொன்னா அழிஞ்சுக்கிட்டே போகும். பயந்துடாம கண்ட்ரோல் ஒய் அடிங்க, திரும்ப வந்துடும், நடுவுல புதுசா ஒன்னும் டைப் பண்ணக் கூடாது, அது முக்கியம்.

ரெண்டு வழி இருக்கு. தமிழ் சாப்ட்வேரை ஸ்டார்ட்அப்ல போட்டு எப்பவும் ஓட விடுறது ஒன்னு. இல்ல, விண்டோஸ்லயே இப்ப தமிழ் 99ம் அஞ்சலும் இருக்கு, அதுக்கே மாறிக்கிட்டா இந்தத் தொல்லையே இல்ல. நான் ரெண்டாவதைத்தான் சொல்லுவேன்.

ஒரு கம்ப்யூட்டர்ல எத்தனை தமிழ் சாப்ட்வேரு வச்சுக்கலாம்?

ஒன்னு.

சரி, கொஞ்சம் வெளக்கமா சொல்றேன். நம்ம மலேசிய ஆளு முத்து நெடுமாறன் 1985ல முரசு அஞ்சலை ஆரம்பிச்சாரு, 1999ல சென்னையில தமிழ்நெட் மாநாடு நடந்தப்ப தமிழ் 99 லேஅவுட் முடிவாச்சு, அதுக்கப்பறம் இ-கலப்பை, என்எச்எம், கூகிள் எக்ஸ்டென்ஷன்னு ஒன்னு மாத்தி ஒன்னு வந்துச்சு. நம்ம ஆளுங்க புதுசு வந்தா பழசை அழிக்க மாட்டாங்க, அலமாரியில பழைய சட்டையை மடிச்சு வைக்கிற மாதிரி வச்சுக்குவாங்க. ஒரு தமிழ்ப்பள்ளி ஆபிஸ் கம்ப்யூட்டரைத் தொறந்தேன், மூணு தமிழ் சாப்ட்வேரு ஓடுது, அதுக்கு மேல விண்டோஸோட தமிழும் ஆன்ல இருக்கு. ஒரு "அ" அடிச்சா முதல் ஆளு அதை மாத்துவாரு, மாத்தினதை ரெண்டாவது ஆளு திரும்ப மாத்தப் பாப்பாரு. வர்றது தமிழும் இல்ல இங்கிலீஷும் இல்ல. எது பழகியிருக்கோ அது ஒன்னை வச்சுக்கிட்டு மத்ததை அன்இன்ஸ்டால் பண்ணிடுங்க, சும்மா எக்சிட் பண்ணாப் பத்தாது, ரீஸ்டார்ட் ஆனா திரும்ப வந்து உக்காந்துக்கும்.

எக்செல்ல எஃப்2 அமுக்கினா செல்லுக்குள்ள போக மாட்டேங்குது.

தமிழ் மாத்துற கீயா எஃப்2 வச்சிருக்கீங்களான்னு பாருங்க. தமிழ் சாப்ட்வேர்ல ஆன் ஆப் கீயை நாமளே மாத்திக்கலாம், யாரோ ஒரு புண்ணியவான் ஈஸியா இருக்கும்னு எஃப்2 வச்சிருப்பாரு. எக்செல்ல செல்லை எடிட் பண்ண, பைல் பேரு மாத்த, ரெண்டுக்குமே எஃப்2தான். கோயில் கணக்கு எழுதுற பெரியவர் ஒருத்தரு ஒரு வருசமா ஒவ்வொரு செல்லையும் டபுள் கிளிக் பண்ணிக்கிட்டு இருந்தாரு, கை வலிக்குதுன்னு மவுஸை மாத்த வந்தாரு. எஃப்9, எஃப்11னு நீங்க தொடாத கீ எதையாவது வைங்க. அதுலயும் எக்செல் எஃப்9க்கு கணக்கைத் திரும்பப் போடும், பிரவுசர் எஃப்11க்கு ஸ்கிரீனை முழுசா ஆக்கும், நீங்க எதை அதிகமா தொறந்து வச்சிருக்கீங்களோ அதைப் பாத்து முடிவு பண்ணுங்க.

எந்த சாப்ட்வேருதான் என் கீயைப் பிடிச்சு வச்சிருக்குன்னு எப்பிடி கண்டுபிடிக்கிறது?

விண்டோஸ்லயே "இந்தக் கீ இன்னார்கிட்ட இருக்கு"ன்னு காட்டுற லிஸ்ட் கிடையாது, அதுதான் பெரிய குறை. ஹாட்கீ டிடெக்டிவ்னு ஒரு சின்ன இலவச டூல் இருக்கு. அதை ஓட விட்டுட்டு அந்தக் கீயை அமுக்கினா எந்த புரோகிராம் பிடிச்சதுன்னு பேரோட காட்டும். பதிஞ்சு வச்ச வகையைத்தான் இது காட்டும், வாசல்ல உக்காந்திருக்கிற வகை சிக்காது.

அதுல சிக்கலன்னா டெஸ்க்டாப்பைப் பாருங்க. இது நெறைய பேருக்குத் தெரியாது. டெஸ்க்டாப்லயும் ஸ்டார்ட் மெனுவுலயும் இருக்கிற ஐகானை ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ் போனா, ஷார்ட்கட் கீன்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல ஒரு எழுத்தை அமுக்கினாலே கண்ட்ரோல் ஆல்ட் தானா சேந்துக்கும். யாராவது தெரியாம அமுக்கி ஓகே குடுத்திருந்தா, வேர்ட்ல நீங்க கண்ட்ரோல் ஆல்ட் எம் அடிக்கும்போதெல்லாம் ஏதோ ஒரு பழைய புரோகிராம் தொறக்கும். கட்டத்துல பேக்ஸ்பேஸ் அடிச்சா "நன்"னு, அதாவது ஒன்னும் இல்லன்னு, ஆகிடும், முடிஞ்சுது.

அதுவும் இல்லன்னா பாதி பாதியா வெட்டுற வழிதான். டாஸ்க் மேனேஜர் (கண்ட்ரோல் ஷிப்ட் எஸ்கேப்) தொறந்து ஸ்டார்ட்அப் பக்கத்துக்குப் போங்க. 16 ஆப் இருக்குன்னு வைங்க, 8ஐ டிசேபிள் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்க. கீ வேலை செஞ்சா திருடன் அந்த 8ல இருக்கான், செய்யலன்னா மிச்ச 8ல. அடுத்து 4, அப்பறம் 2, நாலு ரீஸ்டார்ட்ல ஆளு மாட்டிக்குவான். ஒன்னொன்னா ஆப் பண்ணிப் பாத்தா ராத்திரி ஆயிடும். ஆன்டிவைரஸை மட்டும் தொடாதீங்க, அது இதுக்குக் காரணமா இருந்து நான் பாத்தது ரொம்ப அபூர்வம்.

பெரிய கம்பெனி லேப்டாப்னா ஐடி ஆளுங்களைக் கேக்காம இதைச் செய்யாதீங்க.

ஸ்கிரீன் தலைகீழா போச்சு!

பழைய இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர் உள்ள லேப்டாப்பா இருக்கும். கண்ட்ரோல் ஆல்ட்டோட கீழ் அம்புக்குறி அமுங்கிடுச்சு. கண்ட்ரோல் ஆல்ட் மேல் அம்புக்குறி அமுக்குங்க, நிமுந்துடும். டெஸ்க்டாப்ல ரைட் கிளிக் பண்ணி கிராபிக்ஸ் ஆப்ஷன்ல ஹாட் கீயை ஆப் பண்ணிட்டா திரும்ப வராது. லேப்டாப்பையே தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு பஸ்ல வந்த தம்பி ஒருத்தன் இருக்கான், அவனைப் பத்தி இங்க வேணாம்.

கேம் ஆடும்போது திடீர்னு ஒரு பொட்டி வந்து ஸ்டிக்கி கீஸ்னு கேக்குது.

ஷிப்டை அஞ்சு தடவை அமுக்கிட்டீங்க. கை முடியாதவங்க ஒவ்வொரு கீயா அமுக்கட்டும்னு வச்ச நல்ல வசதி அது, அதைக் குறை சொல்லக் கூடாது. வலது ஷிப்டை 8 செகண்டு பிடிச்சா பில்டர் கீஸ் வரும், அது ஆன் ஆயிட்டா சட்டுனு அமுக்குற கீயை எல்லாம் கண்டுக்காது, அப்ப ஜனங்க கீபோர்டு செத்துப் போச்சுன்னு நெனச்சுக்குவாங்க. செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, கீபோர்டு போய் இந்த ரெண்டுக்கும் உள்ள கீபோர்டு ஷார்ட்கட்டை ஆப் பண்ணுங்க.

கேம் பசங்களுக்கு இன்னொன்னு: விண்டோஸ் கீயே வேலை செய்யலன்னா உங்க கேமிங் கீபோர்டுல விண்டோஸ் லாக் இருக்கும், நெறைய மாடல்ல எஃப்என்னும் விண்டோஸ் கீயும் சேத்து அமுக்கினா தொறக்கும்.

எஃப்5 அமுக்கினா ரிப்ரஷ் ஆகாம வெளிச்சம் கூடுது குறையுது.

மேல் வரிசை கீக்கு ரெண்டு வேலை. எஃப்என் லாக் எந்தப் பக்கம் இருக்குன்னு பொறுத்தது. எஸ்கேப் கீயில சின்ன பூட்டுப் படம் இருந்தா எஃப்என் எஸ்கேப் அமுக்கிப் பாருங்க. இல்லன்னா பயோஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி உள்ள செட்டிங்ஸ்) மாத்தணும், ஒரு கம்பெனி ஆக்ஷன் கீஸ்னு சொல்லும், இன்னொன்னு ஹாட்கீ மோட்னு சொல்லும், விசயம் ஒன்னுதான்.

பிரிண்ட் ஸ்கிரீன் அமுக்கினா ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் ஒவ்வொரு மாதிரி வருதே?

ஸ்கிரீனைப் படம் பிடிக்கிற அந்த ஒரு கீக்கு அவ்வளவு போட்டி. விண்டோஸ் 11ல இப்ப ஸ்னிப்பிங் டூல் தொறக்கும், ஒன்டிரைவும் டிராப்பாக்ஸும் படத்தை நான் சேவ் பண்றேன்னு வரும், லைட்ஷாட் வச்சிருந்தா அதுவும் வரும். யாரு வேணும்னு முடிவு பண்ணி மத்ததோட செட்டிங்ஸ்ல போய் ஆப் பண்ணுங்க. விண்டோஸோடது அக்சஸிபிலிட்டி, கீபோர்டுக்குள்ள இருக்கு. அவசரத்துக்கு விண்டோஸ் ஷிப்ட் எஸ் அடிங்க, அதை மத்ததுங்க அவ்வளவா தொடுறதில்ல.

ஆல்ட் ஸ்பேஸும் இப்ப இந்த நெலமைக்கு வந்துடுச்சு. முன்ன அது ஜன்னலோட மெனுவைத் தொறக்கும், இப்ப ஆப் தேடித் தொறக்கிற பவர்டாய்ஸ் ரன்னும் அதைக் கேக்குது, சாட்ஜிபிடி ஆப்பும் அதையே கேக்குது. ஏஐ ஆப் எதையாவது புதுசா போட்டுட்டு ஒரு பழைய கீ போச்சுன்னா முதல்ல அந்த ஆப்போட செட்டிங்ஸைத்தான் பாக்கணும்.

ஜூம் கூட்டம் நடக்கும்போது மட்டும் ஒரு கீ வேலை செய்யல, கூட்டம் முடிஞ்சா சரியாகிடுது.

ஜூம் செட்டிங்ஸ்ல கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பக்கத்துல ஒவ்வொன்னுக்கும் எதிர்ல குளோபல்னு ஒரு டிக் இருக்கும். டிக் போட்டா ஜூம் பின்னாடி இருந்தாலும் அந்தக் கீ அதுக்குத்தான். தேவையில்லாததை எடுத்துடுங்க. குரோம் எக்ஸ்டென்ஷனும் இப்பிடித்தான், எக்ஸ்டென்ஷன் பக்கத்துல இடது பக்கம் கீபோர்டு ஷார்ட்கட்ஸ்னு இருக்கும், அங்க குரோமுக்குள்ள மட்டுமா, எல்லா இடத்துலயுமான்னு கேக்கும்.

தோட்டத்து ஆபிஸ்ல ரிமோட்ல மெயின் ஆபிஸ் கம்ப்யூட்டருக்குள்ள போறோம். விண்டோஸ் கீ அமுக்கினா சிலசமயம் இங்க தொறக்குது, சிலசமயம் அங்க தொறக்குது.

கிராணிங்க கேக்குற கேள்வி இது, செம்பனைக் குலை எடை, செக்ரோல் (ஆளுங்க வருகை, சம்பளப் பதிவு) எல்லாம் இப்ப அந்தப் பக்கத்து சர்வர்லதான் அடிக்கிறாங்க. ரிமோட் டெஸ்க்டாப்ல கனெக்ட் பண்றதுக்கு முன்னாடி ஷோ ஆப்ஷன்ஸ் தொறந்து லோக்கல் ரிசோர்சஸ் பக்கம் போனா, விண்டோஸ் கீ காம்பினேசன் எங்க போகணும்னு மூணு சாய்ஸ் இருக்கும்: இந்தக் கம்ப்யூட்டர், அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர், முழு ஸ்கிரீன்ல இருக்கும்போது மட்டும் அந்தப் பக்கம். மூணாவது இருந்தா நீங்க சொல்ற மாதிரிதான் ஆகும், ஜன்னலைச் சின்னதாக்கினா இங்க, பெருசாக்கினா அங்க. ஒன்னை முடிவு பண்ணிக்குங்க. அந்தப் பக்கம் கண்ட்ரோல் ஆல்ட் டெலிட் அடிக்கணும்னா கண்ட்ரோல் ஆல்ட் எண்ட் அடிக்கணும், டெலிட் அடிச்சா உங்க கம்ப்யூட்டருக்குத்தான் வரும்.

எக்செல்ல அம்புக்குறி அமுக்கினா செல் நகராம பேப்பரே நகருது. இதுவும் சண்டையா?

இல்ல. ஸ்க்ரோல் லாக். லேப்டாப்ல அந்தக் கீயே இருக்காது, மேல சொன்ன ஸ்கிரீன் கீபோர்டைத் தொறந்து அதுல ஸ்க்ரோல் லாக்கை ஒரு தட்டு தட்டுங்க.

வேர்ட்ல ஒரு கீ என்ன வேலை செய்யுதுன்னு வேர்டையே கேக்க முடியுமா?

முடியும், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச ட்ரிக். கண்ட்ரோல் ஆல்ட்டோட நம்பர் பேட்ல உள்ள பிளஸ்ஸை அமுக்கினா மவுஸ் அம்பு பூ மாதிரி மாறும், இப்ப சந்தேகப்படுற கீயை அமுக்குங்க, அது எந்தக் கமாண்டுன்னு ஒரு பொட்டி வரும், வேணாம்னா அங்கயே மாத்திக்கலாம். நம்பர் பேட் இல்லாதவங்க பைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன், கீழ கீபோர்டு ஷார்ட்கட்ஸ் பக்கத்துல கஸ்டமைஸ். புது கீ கட்டத்துல அமுக்கிப் பாத்தா ஏற்கெனவே யாருக்குக் குடுத்திருக்குன்னு கீழ காட்டும்.

மேக், குரோம்புக்?

மேக்ல செட்டிங்ஸ், கீபோர்டு, கீபோர்டு ஷார்ட்கட்ஸ் தொறந்தா அடிச்சுக்கிற ரெண்டுக்கும் பக்கத்துல மஞ்சள் முக்கோணம் போட்டுக் காட்டும். விண்டோஸ்காரங்க இதை எப்பதான் செய்வாங்களோ. தமிழ் மாத்துறது அதுல கண்ட்ரோல் ஸ்பேஸ். குரோம்புக்லயும் கண்ட்ரோல் ஸ்பேஸ் அடிச்சா முன்ன வச்சிருந்த கீபோர்டுக்குப் போகும், கண்ட்ரோல் ஷிப்ட் ஸ்பேஸ் அடிச்சா அடுத்தடுத்ததுக்குப் போகும். பள்ளிக்கூடத்து ஐடி போட்டு உள்ள போறதா இருந்தா சில செட்டிங்ஸ் பூட்டியிருக்கலாம், அது கடையில நானும் தொறக்க முடியாது, பள்ளியில உள்ள பொறுப்பாளரைத்தான் கேக்கணும்.

நானே ஒரு ஷார்ட்கட் வச்சுக்கணும்னா எந்தக் கீ வைக்கலாம்?

விண்டோஸ் கீயோட சேத்து வைக்காதீங்க, அது எல்லாம் விண்டோஸுக்குன்னு ஒதுக்கினது, இன்னிக்கு காலியா இருந்தாலும் அடுத்த அப்டேட்ல எடுத்துக்கும். எஃப்12ஐத் தனியா வைக்காதீங்க, அதுவும் ஒதுக்கி வச்சதுதான். கண்ட்ரோலோட ஒரு எழுத்து வச்சா கண்டிப்பா ஏதோ ஒரு சாப்ட்வேரோட மோதும், கண்ட்ரோல் பி, கண்ட்ரோல் எஸ் எல்லாம் யாரு வீட்டுச் சொத்து. கண்ட்ரோல் ஆல்ட்டோட எஃப் வரிசையில ஒன்னு, இல்ல கண்ட்ரோல் ஷிப்ட் ஆல்ட்டோட ஒரு எழுத்து, கை கொஞ்சம் வளையும், ஆனா அங்கதான் கூட்டம் கம்மி. வச்சதை ஒரு பேப்பர்ல எழுதி மானிட்டர் ஓரத்துல ஒட்டிடுங்க, ஆறு மாசம் கழிச்சு நீங்களே வச்ச கீயைப் பத்தி என்கிட்ட கம்ப்ளெயின் பண்ண வருவீங்க.

கடைக்குக் கொண்டு வர்றதா இருந்தா என்ன சொல்லணும்?

எந்தக் கீ, அமுக்கும்போது எந்த சாப்ட்வேரு முன்னாடி தொறந்திருந்துச்சு, கடைசியா என்ன இன்ஸ்டால் பண்ணீங்க. "எல்லாமே வேலை செய்யல"ன்னு சொல்லாதீங்க. வெளியில மாட்டுற கீபோர்டு வச்சிருந்தா அதையும் கொண்டாங்க, லேப்டாப்பை மட்டும் கொண்டு வந்தா இங்க நல்லா ஓடும், வீட்டுக்குப் போனா திரும்ப அதே கதைதான். ஷார்ட்கட் மட்டும்னா காசு கிடையாது. எறும்புன்னா 15 வெள்ளி.